மிதந்த சம்ப்: ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு நீர்த்தேக்கத் தொட்டியின் சீரமைப்பு

புயல் அந்தத் தொட்டிக்குச் செய்த சேதம் பெரிதில்லை. மேன்ஹோல் மூடி பறந்துபோயிருந்தது. மேல்தளத்துக் காற்றுக் குழாய்கள் முறிந்திருந்தன. வளாகத்தில் ஏறிய கடல் தண்ணீர் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகத் திரும்பி உள்ளே போய், பாசியும் சேறுமாகக் கலந்திருந்தது. கழுவி, மருந்து போட்டு, மூடி மாற்றினால் சில நாள் வேலை. அது மாதக்கணக்கில் இழுத்ததற்குக் காரணம், மறுநாள் இரவு கொண்டுவந்து இறக்கிய ஆயில் என்ஜின். உள்ளே இருந்த கெட்ட தண்ணீரை அது இறைத்துத் தள்ளத் தள்ள, ஐந்து லட்சம் லிட்டர் கொள்ளளவுள்ள அந்தக் காங்கிரீட் சம்ப் ஒரு பக்கமாக மண்ணிலிருந்து எழும்பிவிட்டது.

அதன் பிறகுதான் என்னை அழைத்தார்கள். ஊர்ப் பெயரும் அலுவலகப் பெயரும் இங்கே வேண்டியதில்லை. கடலுக்குக் கூப்பிடு தூரத்தில், மணல் பூமியில், தெருக்குழாயை நம்பி வாழும் ஒரு சிறு நகரம் என்பது போதும். இதே அமைப்பில் தொட்டி வைத்திருக்கும் ஊர்கள் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை உண்டு. நாளைக்கு அவர்களுக்கும் இது நடக்கலாம் என்பதால்தான் விரிவாக எழுதுகிறேன்.

அரசு ஊழியர்களை மிரட்டும்போது 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்' என்பார்கள். அப்படிச் சொல்லும்போது பலர் மனதில் இருப்பது எங்கள் மாவட்டம்தான். கடற்கரையில் நிலைமை இன்னும் விசித்திரம். தோண்டினால் தண்ணீர் உடனே வரும், குடிக்கத்தான் முடியாது. மணல்மேடுகளுக்கு அடியில் மழைநீர் மெல்லிய ஏடுபோல் உப்புநீரின் மேல் தங்கி நிற்கும். அதில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்குச்சியால் வழித்துக் குடத்தை நிரப்பியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மற்றபடி நல்ல தண்ணீர் என்றால் காவிரித் தண்ணீர். திருச்சிப் பக்கம் ஆற்றுப் படுகையில் எடுத்து, புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்களைத் தாண்டிக் குழாயில் வருவது. அத்தனை தூரம் கடந்து வரும் தண்ணீர் கடைசியில் இறங்குவது இந்த மாதிரி தரைத்தொட்டி ஒன்றில். அங்கிருந்து மோட்டார் போட்டு மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுவார்கள். ஆகவே சம்ப் படுத்துவிட்டால் ஊரே படுத்துவிடும்.

அந்த இரவில் நடந்தது

தொட்டி செவ்வகம். உள்ளளவு 12.5 மீட்டருக்கு 10 மீட்டர், நீர் ஆழம் 4 மீட்டர். ஏறக்குறைய 3 மீட்டர் தரைக்குள்ளும் மீதி தரைக்கு மேலும் இருக்கிறது. இந்தப் பாதிப் புதைந்த அமைப்புக்கு நம்மூரில் காரணம் எளிது. வரும் குழாயில் அழுத்தம் குறைவாக இருந்தாலும் தண்ணீர் தானே இறங்கிவிடும்.

புயல் போன பிறகும் மழை விடவில்லை. எங்கள் கரையில் இது வழக்கம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது காற்றும் கடலும் சேர்ந்து. 2020 டிசம்பரில் வந்த புரெவி அப்படியில்லை. அது இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்கு வந்து, வலுவிழந்து, ராமநாதபுரம் கரையருகே நகராமல் நின்றுகொண்டு மழையாகக் கொட்டியது. 2024 நவம்பர் 20-ல் புயலே இல்லாமல் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. தொட்டிக்காரனுக்கு முதல் வகையைவிட இந்த இரண்டாம் வகைதான் ஆபத்து. காற்று மூடியைத்தான் கொண்டுபோகும். நின்று பெய்யும் மழை நிலத்தடி நீரைத் தரைமட்டம் வரை கொண்டுவந்து நிறுத்திவிடும்.

வளாகத்தில் அன்று கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அதாவது தொட்டியைச் சுற்றியிருந்த மணல் முழுக்க நீரால் நிறைந்திருந்தது. ஊரில் தண்ணீர் வந்து நாளாகியிருந்ததால் மேலிடத்திலிருந்து ஓயாமல் போன். 'உடனே காலி பண்ணு, கழுவு, விடு' என்பது உத்தரவு. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. வீட்டுத் தொட்டியில் சாக்கடை புகுந்தால் நாமும் அதைத்தானே செய்வோம்?

நள்ளிரவு தாண்டி, உள்ளே முழங்கால் அளவு தண்ணீர் இருக்கும்போது 'டப்'பென்று ஒரு சத்தம் கேட்டது என்றார் ஆபரேட்டர். அது வரத்துக் குழாயின் வார்ப்பிரும்புப் பிளாஞ்ச், அதாவது குழாயை இணைக்கும் விளிம்பு, வெடித்த சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால், வடிந்துகொண்டிருந்த தண்ணீர் திரும்ப ஏறுகிறது. தரையும் சுவரும் சேரும் இணைப்பில் கிழக்குப் பக்கம் நெடுக வாய் பிளந்து, மணலும் உப்புத் தண்ணீருமாக ஊற்றெடுத்துக்கொண்டிருந்தது. காலையில் தண்ணி டியூப் பிடித்துப் பார்த்தபோது கிழக்கு மூலைகள் மேற்கைவிடச் சுமார் நான்கு விரற்கடை உயர்ந்திருந்தன.

அந்த விரிசல்தான் தொட்டியைக் காப்பாற்றியது. அது திறக்காமல் இருந்து, என்ஜினும் ஓடிக்கொண்டே இருந்திருந்தால், பெட்டி முழுக்கக் கிளம்பியிருக்கும்.

ஒரு தாளில் போடக்கூடிய கணக்கு

காங்கிரீட் தொட்டி எப்படி மிதக்கும் என்று அங்கே எல்லோரும் கேட்டார்கள். கப்பல் மிதக்கவில்லையா என்று பதில் சொல்லிவிட்டு, சிமெண்டு மூட்டையின் பின்பக்கத் தாளைக் கிழித்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

தொட்டியின் வெளியளவுப் பரப்பு ஏறத்தாழ 139 சதுர மீட்டர். தரைப்பலகையின் அடிமட்டம் தரையிலிருந்து 3.3 மீட்டர் கீழே. நிலத்தடி நீர் தரைமட்டத்தில் நின்றால், ஒவ்வொரு சதுர மீட்டரையும் கீழிருந்து 3.3 டன் தள்ளும். மொத்தம் 458 டன். உப்புநீர் கொஞ்சம் கனம் என்பதால் இன்னும் பத்து டன் கூடும், அதை விட்டுவிடுவோம். எதிர்த்து நிற்க வேண்டியது தொட்டியின் சொந்த எடை. தரை 104, சுவர்கள் 152, மேல்தளம் 52, தூண்கள் சில டன். கூட்டினால் 315 டன் சுமார். காலித் தொட்டிக்கு 143 டன் பற்றாக்குறை. மண்ணின் உராய்வு கொஞ்சம் பிடிக்கும், ஆனால் நீரில் ஊறிய மணலை நம்பக் கூடாது.

அந்தப் பற்றாக்குறையை அத்தனை வருடமும் ஈடுகட்டியது உள்ளே இருந்த குடிநீர்தான். மிதப்புக்கு எதிராக 1.2 மடங்கு பாதுகாப்பு வேண்டும் என்று எடுத்துக்கொண்டால், அந்த நிலைமையில் உள்ளே குறைந்தது 1.9 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் இருந்தாக வேண்டும். மறுபக்கமாகப் பார்த்தால், தொட்டியை முழுக்கக் காலி செய்ய வேண்டுமென்றால் நிலத்தடி நீர் தரையிலிருந்து 1.4 மீட்டருக்காவது கீழே இறங்கியிருக்க வேண்டும். கோடையில் கழுவியபோதெல்லாம் அது இறங்கியே இருந்தது, அதனால் யாருக்கும் பிரச்சினை தெரியவில்லை. ஐப்பசி கார்த்திகையில் அந்தத் தொட்டியை யாரும் காலி செய்ததே இல்லை என்றார் பழைய ஃபிட்டர். அவருக்குக் கணக்குத் தெரியாது, 'மழைக்காலத்துல தொட்டியத் தொடக் கூடாதுன்னு எங்க மேஸ்திரி சொல்லுவாரு' என்றார். அவரை அன்று இரவு யாரும் கேட்கவில்லை.

முதல் வேலை: திரும்ப நிரப்புவது

நான் சொன்ன முதல் யோசனை யாருக்கும் பிடிக்கவில்லை. இறைப்பதை நிறுத்தி, தொட்டியைத் திரும்ப நிரப்பச் சொன்னேன். எந்தத் தண்ணீரானாலும் சரி, வெளியே நிற்கிற தண்ணீரே போதும். 'சார், அழுக்கத் தள்ளத்தான இத்தனை பாடு, திரும்ப அழுக்க விடச் சொல்றீங்களே' என்றார் பொறுப்பில் இருந்த இளம் பொறியாளர். அழுக்கைக் கழுவ வழி உண்டு தம்பி, எழும்பின தொட்டியை உட்கார வைப்பதுதான் கஷ்டம் என்றேன். நிரப்பினோம். மெல்ல இறங்கியது, முழுதாக இல்லை. எழும்பிய இடைவெளியில் மணல் ஓடி அடைந்திருந்தது.

ஊருக்குத் தண்ணீர் கொடுக்க வேறு ஏற்பாடு செய்யாமல் இந்த வேலையை ஆரம்பிக்க முடியாது. வரத்துக் குழாயில் சம்ப்புக்கு முன்பே ஒரு கிளை எடுத்து, பம்ப் அறைக்கு அருகே பெரிய சின்டெக்ஸ் தொட்டிகளை வரிசையாக வைத்து ஒன்றோடொன்று இணைத்து, அங்கிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றினோம். கொள்ளளவு குறைவு என்பதால் மோட்டாரை விட்டுவிட்டுத்தான் ஓட்ட முடியும். ஆபரேட்டர்கள் தூக்கத்தைத் தொலைத்தார்கள். தெருக்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் விட்டோம், மீதிக்கு லாரியும், தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கி விற்பவர்களும். குடத்தின் விலை ஏறியதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஃபில்டர் பாயிண்ட்

வெளிநீரை இறக்க நகரத்திலிருந்து பெரிய இயந்திரங்கள் வரவழைக்கலாம் என்றார்கள். தேவைப்படவில்லை. மணல் பூமியில் ஃபில்டர் பாயிண்ட் இறக்குகிற ஆட்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். தோட்டக் கிணறுகளுக்குச் செய்வதையே தொட்டியைச் சுற்றி நெருக்கமாகச் செய்தோம். துளையுள்ள குழாய்க்கு நைலான் வலை சுற்றி, தண்ணீரைப் பீய்ச்சி மணலுக்குள் இறக்கி, எல்லாவற்றையும் ஒரு தலைக்குழாயில் சேர்த்து உறிஞ்சுவது. உறிஞ்சும் பம்ப் நடைமுறையில் 7 மீட்டர் வரைதான் இழுக்கும். இங்கே தேவை அதில் பாதிதான்.

இதில் இரண்டு விஷயம் தவறக் கூடாது. இறைத்த தண்ணீரை வளாகத்துக்குள்ளேயே விட்டால் அது மணல் வழியாகத் திரும்பி வந்துவிடும், பம்ப் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். ஹோஸ் போட்டுக் கடல் பக்கம் போகும் ஓடை வரை கொண்டுபோனோம். அடுத்தது மணல். தண்ணீரோடு மணலும் வந்தால் தொட்டிக்கு அடியில் பொந்து விழுகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு குழாயின் தண்ணீரையும் வெள்ளைப் பிளாஸ்டிக் பக்கெட்டில் பிடித்து, சற்று நேரம் வைத்து, சாய்த்துப் பார்ப்போம். அடியில் சிட்டிகை மணல் தென்பட்டாலும் அந்தக் குழாயை அடைத்துவிட்டு வலையை மாற்றினோம். இந்தப் பக்கெட்டுச் சோதனையை எந்த ஒப்பந்தப் படிவத்திலும் பார்த்ததில்லை, எழுதிச் சேர்க்க வேண்டியது.

வளாகச் சுவருக்கு அப்பால் ஒரு வீட்டுக் கிணறு இருந்தது. நாங்கள் இறைக்க ஆரம்பித்தபின் அதில் நீர் இறங்கி, பிறகு கரிப்புத் தட்டியது. வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார், நியாயம்தான். மேலே மிதக்கும் நல்ல நீரை இழுத்தால் கீழிருக்கும் உப்புநீர் மேலே கூம்பி வரும். அவருக்கு வேலை முடியும்வரை தினமும் குடங்கள் கொடுக்க ஏற்பாடானது. அது எந்த மதிப்பீட்டிலும் இல்லாத செலவு. கிணறு அடுத்த மழைக்குப் பிறகு தேறியது என்று கேள்வி.

தரையும் சுவரும்

நிலத்தடி நீர் 1.4 மீட்டருக்கு நன்றாகக் கீழே இறங்கியதை அளவுக்குழாயில் பார்த்த பிறகே தொட்டியைக் காலி செய்தோம். உள்ளே இறங்கிச் சுத்தியலால் தரையைத் தட்டிக்கொண்டு நடந்தால், மேற்கில் 'ணங்'கென்ற சத்தம், கிழக்கில் தகர டப்பா சத்தம். எங்கெல்லாம் பொந்துச் சத்தமோ அங்கெல்லாம் சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போட்டு, துளையிட்டு, குறைந்த அழுத்தத்தில் சிமெண்டுக் குழம்பு செலுத்தினோம். அழுத்தம் கூடினால் அதுவே தரையைத் தூக்கிவிடும். பக்கத்துத் துளையில் குழம்பு எட்டிப் பார்த்ததும் நிறுத்த வேண்டும்.

பிளந்த இணைப்பை ஆங்கில 'வி' எழுத்து வடிவில் வெட்டி, ஈரம் கசிந்த இடங்களில் தண்ணீர் பட்டால் நுரைத்து அடைக்கும் பாலியூரித்தேன், அதன் மேல் சுருங்காத கிரவுட் என்ற இடுக்கு நிரப்பும் சிமெண்டுக் கலவை. அதற்கு மேல் தரை முழுக்கக் கம்பிவலையோடு 15 சென்டிமீட்டர் புதிய காங்கிரீட், எம்30 தரம். கொள்ளளவில் ஏறக்குறைய 19 ஆயிரம் லிட்டர் போயிற்று என்று கணக்குப் பிரிவில் ஆட்சேபம் வந்தது. பதிலுக்குத் தொட்டியின் எடை 47 டன் கூடியிருக்கிறது. அதனால்கூட மழைக்காலத்தில் காலி செய்யும் தைரியம் வராது. 1.4 மீட்டர் என்ற வரம்பு 1.1 மீட்டராகக் குறைந்திருக்கிறது, அவ்வளவே.

தரையில் ஒருவழி வால்வு வைத்துவிட்டால் வெளி அழுத்தம் கூடும்போது தானே திறந்து தண்ணீரை உள்ளே விடும், தொட்டி மிதக்காது என்று ஒரு யோசனை வந்தது. நீச்சல்குளத்துக்கு அது சரி. குடிநீர்த் தொட்டிக்குள் நிலத்தடி உப்புநீரும் பக்கத்துக் கழிவறைக் குழி நீரும் வர நாமே கதவு வைப்பது போலாகும். மறுத்துவிட்டேன்.

காங்கிரீட்டுக்குத் தண்ணீர் எடுப்பதில்தான் பெரிய தகராறு. கொத்தனார் வழக்கம்போல வளாகத்து போர்வெல்லிலிருந்து டிரம்மை நிரப்பிக்கொண்டிருந்தார். நாக்கில் வைத்தாலே கரித்தது. கம்பி போட்ட காங்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறது காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. அந்த போர் தண்ணீரைக் கொட்டிவிட்டு லாரித் தண்ணீரை இறக்கச் சொன்னபோது, வாசலில் குடத்தோடு நின்ற ஒரு மூதாட்டி பிடித்துக்கொண்டார்.

'ஏஞ்சார், மனுசர் குடிக்கத் தண்ணியில்ல. நீங்க சிமெண்டுக்கு ஊத்துறீகளா?'

'ஆத்தா, இதுல உப்புத் தண்ணிய ஊத்துனா உள்ள இருக்கிற கம்பி துருப்பிடிச்சு நாலு வருசத்துல திரும்ப உடையும். அப்பவும் நீங்கதான் வரிசையில நிக்கணும்.'

'நாலு வருசம் நான் இருந்தாப் பாப்போம்' என்று சொல்லிவிட்டு, குடத்தை முதலில் நிரப்பச் சொன்னார். நிரப்பிவிட்டுத்தான் டிரம்முக்குப் போனது. போட்ட காங்கிரீட் இறுகும்வரை நனைத்து வைக்கவும் நல்ல தண்ணீர்தான், அதைச் சாக்கு நனைத்துச் சிக்கனமாகச் செய்தோம்.

மேல்தளத்தின் அடிப்பக்கம் புயலுக்கு முன்பே கெட்டிருந்தது. குளோரின் ஆவியும் உப்புக்காற்றும் எப்போதும் வியர்க்கும் ஈரமும் சேரும் இடம் அது. இரும்பு துருவானால் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை பருத்து, மேலிருக்கும் காங்கிரீட்டைப் பிளந்து தள்ளும். உதிர்ந்த இடத்தை மட்டும் கொத்திப் பூசினால் முடியாது. புதுப் பூச்சுக்குள் போன கம்பி தப்பிக்கும், ஒட்டியிருக்கும் பழைய உப்புக் காங்கிரீட்டில் துரு வேகமாகக் கிளம்பும். ஆகவே கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவு கொத்தி எடுத்து, நல்ல தண்ணீரால் பீய்ச்சிக் கழுவி, தற்காலிகமாகத்தான் பூசியிருக்கிறோம் என்று கோப்பிலேயே எழுதி வைத்தேன்.

மற்றவை சிறு வேலைகள். போல்ட்டு வைத்த ஃபைபர் மூடி, கொசுவலை கட்டிய வளைவுக் காற்றுக் குழாய், ஓவர்ஃப்ளோ வாயைத் தரையிலிருந்து உயர்த்தி அதற்கொரு மடல் வால்வு, வெடித்த பிளாஞ்சுக்குப் பதில் சற்று அசைந்து கொடுக்கும் இணைப்பு.

நிரப்பிப் பார்ப்பது

தண்ணீர்த் தொட்டிகளுக்கான தர விதி ஐ.எஸ். 3370 சொல்வது தெளிவு. தொட்டியை நிரப்பி 7 நாள் காங்கிரீட் உறிஞ்சிக்கொள்ள விட வேண்டும். பிறகு 24 மணி நேரத்துக்கு ஒருமுறை வீதம் 7 நாள் மட்டம் குறிக்க வேண்டும். மூடிய தரைத்தொட்டியில் மொத்த இறக்கம் 40 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நீர் கசியாத தொட்டி என்று ஏற்கலாம். இரண்டு வாரமா என்று மேலே கோபம். முதல் வாரத்தை வெட்டச் சொன்னார்கள். வெட்டினால் காங்கிரீட் குடிக்கும் தண்ணீரும் கசிவாகத் தெரியும், பிறகு இல்லாத ஓட்டையைத் தேடுவீர்கள் என்றதும் விட்டார்கள்.

சோதனை நடந்த நாட்களிலும் ஃபில்டர் பாயிண்டுகளை நிறுத்தவில்லை. டீசல் வீண் என்றார் ஒப்பந்தக்காரர். வெளியே தண்ணீர் உயர்ந்து நின்றால் உள்ளழுத்தமும் வெளியழுத்தமும் ஏறக்குறையச் சமமாகி, ஓட்டைத் தொட்டிகூட மட்டம் இறங்காமல் நிற்கும். அந்த நிலையில் எடுக்கும் சான்றிதழுக்கு மதிப்பே கிடையாது. மட்டம் வரம்புக்குள் நின்றது.

பிறகு சுவர்களை லிட்டருக்கு 200 மில்லிகிராம் குளோரின் கரைசலால் தேய்த்து, அரை மணி நேரம் ஊறவிட்டு, கழுவி வெளியேற்றி, புதுத் தண்ணீர் விட்டோம். கடற்கரை ஈரத்தில் பிளீச்சிங் பவுடர் வீரியம் இழந்துவிடும். மூட்டையில் அச்சடித்திருக்கும் சதவீதத்தை நம்பாமல் சோதித்துப் பார்த்து அளவைக் கூட்ட வேண்டியிருந்தது. கிருமிச் சோதனை சரியாக வந்த பின்னும் குளோரைடுக்காக இன்னொரு மாதிரி எடுத்தோம். கடல்நீரில் அது லிட்டருக்கு 19,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். குடிநீரில் ஏற்கத்தக்க அளவு 250. ஐந்து லட்சம் லிட்டரில் ஒரு சிறு லாரி அளவு, ஏறத்தாழ 6,500 லிட்டர், கடல்நீர் கலந்தாலே அந்த வரம்பு போய்விடும். பருப்பு வேகவில்லை என்ற முதல் புகார் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

தொட்டியின் நான்கு பக்கமும் ஓட்டைபோட்ட 4 அங்குல பிவிசி குழாயை மணலுக்குள் நிறுத்தி மூடி போட்டிருக்கிறோம். நூலில் கல் கட்டி இறக்கினால் நிலத்தடி நீர் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். மொத்தச் சீரமைப்பில் மிகமலிவான சாமான் அதுதான். பம்ப் அறைச் சுவரில் ஆபரேட்டர் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்: 'குழாயில் தண்ணீர் தரையிலிருந்து 1.1 மீட்டர் ஆழத்துக்கு மேலே இருந்தால் தொட்டியைக் காலி செய்யக் கூடாது. யார் போன் பண்ணினாலும்.' கடைசி மூன்று சொல்லும் அவருடைய சேர்ப்பு. ஆய்வுக்கு வந்த அதிகாரி அதை அழிக்கச் சொன்னாராம், இன்னும் அழிக்கவில்லை.

மேல்தளத்தை இடித்துப் புதிதாகப் போட மதிப்பீடு போயிருக்கிறது. நிதி வரும்வரை அதன்மேல் ஒரே நேரத்தில் ஓர் ஆளுக்கு மேல் ஏறக் கூடாது, மழைக்கு முன் ஒருமுறையும் தையில் ஒருமுறையும் அடிப்பக்கத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும்.